காதுக்கு ஒன்று

ஜனவரி 1

இந்த டைரியை லாரி ஆபீசில் கொடுத்தார்கள். போன வருஷ டைரியில் பொன்னம்மாள் பால் கணக்கு எழுதினாள். அதற்கு முந்தின வருஷத்து டைரி இன்னும் மிக்சிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வருஷம் நானே எழுதப்போகிறேன். காரணம் இருக்கிறது.

இன்று எனக்கு டூட்டி இல்லை. காலையில் இட்லி வைக்கும்போது பொன்னம்மாள் பக்கத்தில் வந்து நின்று, கையையும் ஆட்டி, உரக்கச் சொன்னாள். "ஏனுங்க, இந்த வருசமாச்சும் காதுக்கு ஒண்ணு வாங்கிப் போடோணுமுங்க. இன்னும் எத்தன நாளைக்கு இப்படியே இருக்கறது?"

தட்டிலிருந்து தலையைத் தூக்கினேன். அவள் காதைப் பார்த்தேன். கவரிங் தோடு, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பெயரில் பொன் இருக்கிறது, காதில் பித்தளை. மகள் கோகிலாவின் கல்யாணத்தில் பணம் பற்றாமல் போனபோது பொன்னம்மாள்தான் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரே வருஷத்தில் மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி அடகு வைத்தேன். நாலு வருஷம் ஆகிறது. தோடு ஏலத்தில் போயே மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

"வாங்கீரலாம்," என்றேன். "இந்த வருசம் முடியறதுக்குள்ள கண்டிப்பா."

"நெசமாலுமா? நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க."

நான் என்ன அவ்வளவு கஞ்சனா? ஆனாலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஜனவரி 3

கடைவீதியில் விசாரித்தேன். அரைப் பவுனில் சிம்பிளான தோடு, செய்கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரம் ஆகும் என்றார் கடைக்காரர். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். மாதம் மூவாயிரம். நாளுக்கு நூறு.

நான் ஈரோடு–சென்னிமலை தனியார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷமாகக் கண்டக்டர். சம்பளம் வீட்டுக்குப் போய்விடும். தினமும் கையில் கொடுக்கிற பேட்டா மட்டும் எனக்கு. அதில் நாலு டீ இரண்டாகும், வடை நின்றுபோகும், பேட்டாவில் நூறு மிஞ்சும். கதவுக்குப் பின்னால் ஆணியில் என்னுடைய பழைய தோல் பை தொங்குகிறது, வார் அறுந்தது. அதில்தான் போட்டு வைக்கப்போகிறேன். அந்தப் பையை யாரும் தொடமாட்டார்கள்.

ஜனவரி 20

வடை இல்லாமல் பதினேழு நாள். டிரைவர் குழந்தைவேல் என் முன்னால் வேண்டுமென்றே இரண்டு வடை தின்கிறான்.

எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். விடியக் காலையில் நான் படியிறங்கும்போது பொன்னம்மாள் வாசலில் நின்று ஏதோ சொல்வாள். இப்போதெல்லாம் அவள் பேச்சே முணுமுணுப்புத்தான். கல்யாணமான புதிதில் "மாமா, மாமா" என்று எவ்வளவு தெளிவாகக் கூப்பிடுவாள். அந்த மாமா எல்லாம் எங்கே போனதோ, இப்போது எட்டுக் குடித்தனத்துக்கும் கேட்கிற மாதிரி "ஏனுங்க" மட்டும்தான். வயசானால் பெண்களுக்குப் புருஷன்மேல் மரியாதை கூடிப் பிரியம் குறைந்துவிடும் போல.

வாசலில் சொல்வது ஏதாவது வாங்கி வரத்தான் இருக்கும். நானும் "சரி, வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுவேன். நேற்று கறிவேப்பிலை வாங்கி வந்தேன். இன்று தேங்காய். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஜனவரி 31

பையில் 3,000. சொன்னபடி.

பிப்ரவரி 12

ஒரு ஆள் கொத்தம்பாளையம் கேட்டானாம், நான் கொட்டாம்பாளையம் டிக்கெட் கொடுத்துவிட்டேனாம். செக்கிங்கில் மாட்டியது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. மொத்தம் முந்நூறு ரூபாய் என் கையிலிருந்து போனது. இந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்களுக்குப் பாளையத்தை விட்டால் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? அந்த ஆளும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எல்லோரும் ஏன் இப்படி வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 28

5,700. முந்நூறு குறைவு.

மார்ச் 9

பொன்னம்மாள் ரேஷன் கடைக்குப் போனாள். குக்கர் நாலு விசில் விட்டதும் இறக்கச் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது. வெயிட் பழுது என்று கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தேன், தொண்ணூறு ரூபாய். சாயங்காலம் வைத்துப் பார்த்தேன், அதுவும் விசில் அடிக்கவில்லை. இப்போது வருகிற சாமானில் தரமே கிடையாது.

மார்ச் 31

என் கணக்குப்படி 8,700. பையில் எண்ணினால் 9,200. மூன்று தடவை எண்ணினேன். இருபத்தெட்டு வருஷமாகக் காசு எண்ணுகிறவன், எண்ணுவதில் தப்பு வராது. எழுதுவதில்தான் எங்கோ விட்டிருப்பேன். ஐந்நூறு கூட இருந்தால் யாருக்கு வருத்தம்?

ஏப்ரல் 16

பொன்னம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னது எனக்கு இப்படித்தான் கேட்டது. "வாங்கறதோட முடியாதாமாங்க. அப்பறம் பேட்டா ஒண்ணு மாசாமாசம் மாத்தோணுமாமா. பட்டன் மாதிரி சின்னதா இருக்குமாமா."

தோட்டுக்கும் என் பேட்டாவுக்கும் என்ன சம்பந்தம்? நான் பேட்டாவில் மிச்சம் பிடிப்பது இவளுக்கு எப்படித் தெரிந்தது? குழந்தைவேலின் வேலையாகத்தான் இருக்கும். பட்டன் மாதிரி என்றது மட்டும் புரிந்தது. மாடல் சொல்கிறாள்.

"பேட்டாவை நான் பாத்துக்கறேன். நீ கவலப்படாத," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு பெட்சீட் மடித்துத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர் வாரம் ஒரு கட்டுக் கொடுத்துவிட்டுப் போவார், ஓரம் தைத்துக் கொடுத்தால் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. இப்போது வாரம் இரண்டு கட்டு வாங்குகிறாள். எதற்கு இந்த வயசில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று கேட்டேன். பதில் சொன்னாள், மெஷின் ஓடிய சத்தத்தில் கேட்கவில்லை. மெஷின் ஓடவில்லை என்று அவள் கையைக் காட்டினாள்.

மே 11

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

சாப்பிட உட்கார்ந்தோம். பொன்னம்மாள் எனக்கு நேரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஏனுங்க, வெல ரொம்ப ஜாஸ்திங்களாமா. இப்போதைக்கு ஒரு காதுக்குப் போதுங்க. இன்னொன்னு அப்பறமா பாத்துக்கலாம்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். சிக்கனம் எனக்கும் தெரியும். பல் விளக்கும் பேஸ்ட்டைக் கத்தரித்துத் துடைத்து எடுக்கிற வீடு இது. அதற்காக ஒரு காதில் தங்கம், ஒரு காதில் கவரிங் என்று போட்டுக்கொண்டு நோம்பி, கல்யாணத்துக்குப் போவார்களா?

"ஊரு சிரிக்கும் பொன்னம்மா. வாங்குனா ரெண்டு காதுக்கும்தான்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க இவ்வளவு ஆசையா இருப்பீங்கன்னு தெரியாதுங்க," என்றாள். ஆசையாம். நான் கடன்பட்டவன். மோர் ஊற்றச் சொன்னேன்.

ஜூன் 30

பாதி வருஷம். என் கணக்கில் 17,500. பையில் 18,600. இந்தப் பை ராசியான பை. அன்றைக்கே இதைத் தூக்கிப் போடச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

ஆனால் கடைக்காரர் இப்போது நாற்பத்தொன்று சொல்கிறார். நான் சேர்த்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போவதற்குள் தங்கம் முன் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறது.

ஜூலை 13

பக்கத்துக் குடித்தனத்துக்காரர் வந்து, எங்கள் டிவியில் ஓடிய செய்தியை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து முழுதாகக் கேட்டுவிட்டதாகச் சொல்லி நன்றி தெரிவித்தார். கிண்டல் செய்கிறாராம்.

அவர் போனபிறகு பொன்னம்மாள் தோட்டுப் பேச்சை எடுத்தாள். இந்த முறை இன்னொரு கூத்து. "வெளிய தெரியாத மாதிரி வருதாமாங்க. உள்ளுக்குள்ளயே இருந்துக்குமாமா. அது வேணா பாக்கலாமா? நாலு பேரு பாத்தா ஒரு மாதிரி இருக்குமல்லொ."

தோட்டை வெளியே தெரியாத மாதிரி போடுவதா? பிறகு எதற்குப் போடுவது? "நாலு பேரு பாக்கறதுக்குத்தான போடறது," என்றேன். "நல்லாப் பாக்கட்டும். நமக்கென்ன வெக்கம்?"

அவள் எழுந்து வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் தோளைத் தட்டியதில்லை. இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 19

மூன்றாவது நடை. வெள்ளோடு ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுத்தம். பத்துப் பேர் இறங்கினார்கள். ஆள் இறங்கி முடிந்தது என்று விசில் கொடுத்தேன். முடியவில்லை. கடைசிப் படியில் ஒரு அம்மா, கையில் கீரைக்கட்டு. வண்டி நகர்ந்ததும் கீழே விழுந்துவிட்டார்.

முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம். உள்ளங்கையிலும் காயம். எலும்பு முறியவில்லை. ஆட்டோவில் நானே கூட்டிப் போய்க் கட்டுப் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டேன். என் வீட்டுக்கு வந்து தோல் பையில் இருந்து 2,400 எடுத்துப்போய் ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கட்டினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "எறங்கோணும் எறங்கோணும்னு மூணு தடவ கத்துனனே கண்டக்டர் தம்பி," என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் இருந்த எல்லோரும் அவர் கத்தியதாகச் சொல்கிறார்கள். முன்னால் இருந்த குழந்தைவேலுக்குக்கூடக் கேட்டதாம், பிரேக் அடித்தது அவன்தான். நான் அவருக்கு நாலடி தூரத்தில் நின்றேன்.

எனக்குக் கேட்கவில்லை. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 22

பஸ்ஸில் பாட்டு, ஏர் ஹாரன், எஞ்சின். அந்த இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும். பத்தொன்பதாம் தேதி எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனா எடுத்தேன், அடிக்கவில்லை.

செப்டம்பர் 1

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லிவிட்டு, காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே பேசினார். அவர் தலை நிமிர்ந்தபோது கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "சென்னியப்பா, பொங்கல் வரைக்கும் பாக்கறேன். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பையக் குடுத்துட்டுப் போயிரு."

கண்டக்டரிடம் பையைக் கேட்பது என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். எனக்கு வேறு வேலை தெரியாது. பயமாக இருக்கிறது.

பொன்னம்மாளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. "காதுக்குச் சேக்கறத சீக்கிரமா சேத்துப்போடலாமுங்க," என்றாள். வேலையே போகும் என்கிறேன், இவளுக்குத் தோட்டு நினைப்பு. முதல் தடவையாக எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். வேலை போவதற்குள் வாங்கினால்தான் உண்டு என்று நினைக்கிறாள் போல. அதுவும் நியாயம்தானே?

செப்டம்பர் 18

நான் விசில் கொடுத்த பிறகும் குழந்தைவேல் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான். என்னை நம்பவில்லை. கோபம் வருகிறது. நிம்மதியாகவும் இருக்கிறது. இன்று அவனுக்கு என் காசில் இரண்டு வடை வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 5

ஓசூரிலிருந்து கோகிலா போன் செய்தாள். "அப்பா நல்லா இருக்கேன் கண்ணு, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிட்டேன். ஓசூரில் சிக்னலே இல்லை. போனில் வெறும் காற்றுச் சத்தம்தான் வருகிறது. பொன்னம்மாளுக்கு எப்படித்தான் கேட்கிறதோ, முக்கால் மணி நேரம் பேசினாள். நடுநடுவே என்னைப் பார்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 24

தீபாவளிக்கு எனக்குச் சட்டை வேண்டாம் என்றேன். அவளும் சேலை வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் பழசைக் கட்டிக்கொண்டு, யார் அதிகமாக மிச்சம் பிடித்தோம் என்று பார்த்துக்கொண்டோம். அவள்தான் ஜெயித்தாள். முறுக்கையும் அரைப் படியோடு நிறுத்திவிட்டாள்.

நவம்பர் 30

இந்த மாதம் டிக்கெட்டில் ஐந்நூறு போனது. பாளையங்கள்.

டிசம்பர் 14

தோடு இப்போது ஐம்பத்திரண்டாயிரம். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று கிராமில் ஒன்று எடுத்துக் காட்டினார். கொஞ்சம் பேசினால் முப்பத்தெட்டுக்குக் கொடுப்பார். சின்னதுதான், ஆனால் தங்கம். பொன்னம்மாள் காதில் அதை வைத்து மனசுக்குள் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"இருபத்தேழாந் தேதி ரெண்டு பேருமா ஈரோடு போயி வாங்கீரலாம்," என்றேன். "அங்க நான் பேசி வெச்சுட்டேனுங்க," என்றாள். இவள் எந்தக் கடையில் பேசி வைத்தாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 27

காலையில் பையைக் கவிழ்த்து எண்ணினேன். என் கணக்கில் 32,600 இருக்க வேண்டும். 38,100 இருந்தது. ராசி என்றால் ஐந்நூறு, ஆயிரம் இருக்கலாம். ஐயாயிரத்து ஐந்நூறு என்பது ராசி இல்லை. பொன்னம்மாளைப் பார்த்தேன். அவள் அடுக்கி வைத்த பெட்சீட்டை மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. தன் தோட்டுக்குத் தானே பணம் போட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, பணத்தை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பத்து மணிக்கு ஈரோட்டில் இறங்கினோம். நான் வலது பக்கம் நடந்தேன், அவள் இடது பக்கம் நடந்தாள். இரண்டு பேரும் திரும்பி நின்றோம்.

"இக்கட்டால வாங்க," என்று இடது பக்கம் கை காட்டினாள்.

"நகக்கட இந்தப் பக்கமல்லொ."

"நகக்கடைக்கு எதுக்குங்க?"

"தோடு வாங்க."

"ஆருக்கு?"

"உனக்குத்தான். வேற ஆருக்கு?"

"பதினோரு மணிக்கு டெஸ்டுக்குப் பேரு குடுத்து வெச்சிருக்கறேனுங்க," என்றாள். "காது டெஸ்டு."

"தோடு போடறதுக்கு எதுக்கு டெஸ்டு?"

அவ்வளவுதான். சிரிக்க ஆரம்பித்தாள். கரும்பு ஜூஸ் கடையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். ஜூஸ்காரர் பயந்து தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருசம் பூராவும் வடை திங்காம எனக்குத் தோடு வாங்கவா சேத்துனீங்க?"

"நீதான கேட்டே. காதுக்கு ஒண்ணு வாங்கோணும்னு."

"நான் உங்க காதச் சொன்னேனுங்க. காது மிஷின்."

ஒரு காதுக்குப் போதும் என்றது, வெளியே தெரியாது என்றது, பட்டன் மாதிரி பேட்டா என்றது, எல்லாம் வரிசையாக என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. அது பேட்டா இல்லை, பேட்டரி. நடுரோட்டில் நின்று எனக்குக் கோபம் வந்தது.

"என்ற காதுக்கு என்ன கேடு?" என்றேன்.

அவள் எழுந்து இரண்டடி பின்னால் போனாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"என்ன?"

மறுபடியும் சொன்னாள். கண் மட்டும் தெரிந்தது. ஜூஸ்காரர் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். அவருக்குக் கேட்டிருக்கிறது.

"என்ன சொன்னே பொன்னம்மா?"

"மிஷின் போட்டதுக்கப்பறம் சொல்றேன்."

நான் விடவில்லை. தோடுதான் முதலில் என்றேன். நாலு வருஷக் கடன் என்றேன். மூன்று கிராமில் ஒன்று பார்த்து வைத்திருப்பதையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தோடு இல்லாம நாலு வருசம் இருந்துட்டனுங்க, ஒண்ணும் ஆயிரல. அந்தம்மா விழுந்த அன்னைக்கு நீங்க சோறு திங்கல, அதுதான் எனக்கு ஆகல. இப்பத் தோடு வாங்குவீங்க. பொங்கலுக்கு அப்பறம் பை போச்சுன்னா அதே தோட்ட மறுக்காவும் அடகு வெக்கோணும். எதுக்கு அந்த அலச்சல்?"

இடது பக்கம் நடந்தேன்.

டெஸ்ட் எடுத்த பெண்ணுக்குக் கோகிலா வயசு. கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். தோற்கக் கூடாது என்று மனசுக்குள் எண்ணி, சரியான இடைவெளி விட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்து வந்தாள்.

"ஐயா, நான் இன்னும் சத்தமே போடலீங்க," என்றாள்.

பிறகு ஒழுங்காக டெஸ்ட் நடந்தது. இரண்டு காதும் மோசம், இடது காது கொஞ்சம் தேவலை. ஏர் ஹாரனுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றால் இப்படித்தான் ஆகும் என்றாள். ஒரு காதுக்கு முப்பத்து நாலாயிரத்து ஐந்நூறு. அளவு எடுத்திருக்கிறார்கள், முப்பத்தொன்றாம் தேதி வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது நகைக்கடை வழியாகத்தான் பஸ் வந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பொன்னம்மாள் நன்றாகத் திரும்பி, கண்ணாடிக்குள் இருந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

டிசம்பர் 31

மிஷின் வந்துவிட்டது. இடது காதில் மாட்டியதும் முதலில் கேட்டது அந்த அறையின் ஃபேன். எண்ணெய் விடவேண்டிய ஃபேன். அடுத்து என் சட்டைப்பையில் சில்லறை. இருபத்தெட்டு வருஷமாக என்கூடவே இருந்த சத்தம், எப்போது என்னை விட்டுப் போனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குக்கர் விசில் அடித்தது. எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு வெயிட்டுமே நல்ல வெயிட்தான். கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை.

ஓசூர் சிக்னலும் ஒரே நாளில் சரியாகிவிட்டது. கோகிலாவிடம் இருபது நிமிஷம் பேசினேன். அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நானே கண்டுபிடித்துச் சொன்னேன். "சளி இல்லப்பா, அழுகறேன்," என்றாள்.

மீதி 3,600 தோல் பையில் இருக்கிறது. நாளையிலிருந்து மறுபடியும் நாளுக்கு நூறு. எதற்கு என்றால் காதுக்கு. யார் காதுக்கு என்று இந்த முறை தெளிவாக எழுதிவிடுகிறேன். பொன்னம்மாளின் காதுக்கு. இரண்டுக்கும். வெளியே நன்றாகத் தெரிகிற மாதிரி.

இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "வடையாச்சும் தின்னுங்க," என்று பக்கத்து அறையிலிருந்து சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து.

ஜனவரி 1

புது டைரி இன்னும் கொடுக்கவில்லை. இதிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

விடியக் காலையில் டூட்டிக்குக் கிளம்பினேன். மூன்றாவது படியில் இறங்கும்போது பின்னால் இருந்து வந்தது, மெதுவாக, பக்கத்துக் குடித்தனத்துக்குக் கேட்காத குரலில்.

"பாத்துப் போயிட்டு வாங்க மாமா."

"சரி, வாங்கிட்டு..." என்று பழக்கத்தில் பாதி சொல்லிவிட்டு நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பொன்னம்மாள் நிலைப்படியில் கையை ஊன்றி நின்றிருந்தாள்.

"என்ன சொன்னே?"

"தெனமும் சொல்றதுதானுங்க."

"தெனமுமா?"

"பின்ன. ஜூஸ் கட முன்னாடியும் அதத்தான கூப்புட்டேன்."

"நீ மாமான்னு கூப்புடறதையே உட்டுட்டேன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

"உங்குளுக்குக் கேக்கோணும்னா கத்தோணும். ஏனுங்கன்னு வேணாக் கத்தலாம். மாமான்னு எட்டுக் குடித்தனத்துக்கும் கேக்கற மாதிரி கத்த முடியுமாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. யூனிபார்ம் போட்டுக்கொண்டு படியில் நின்று அழுதேன். ஒரு வருஷம் முழுக்க இவள் தினமும் காலையில் சொன்னதற்குப் பதிலாக நான் கறிவேப்பிலையும் தேங்காயும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

"இன்னொருக்கா சொல்லு," என்றேன்.

"நேரமாச்சு, கெளம்புங்க."

நான் நகரவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

முதல் நடை மூன்று நிமிஷம் தாமதம். குழந்தைவேல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் என்னைத் திட்டினான். அதுவும் நன்றாகக் கேட்டது.